வண்டிச் சூப்பும் வீட்டு மொய்ங்காவும்

எங்கள் கடையில் கல்லாவுக்குப் பின்னாலுள்ள சுவரில், சாமி படங்களுக்குச் சற்றுக் கீழே, பழுப்பேறிய ஒரு தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. பணம் கொடுக்க வருபவர்களில் பலர் அதைப் பார்த்துவிட்டுப் பழைய பாஸ்போர்ட்டா என்று கேட்பார்கள். அது பாஸ்போர்ட் அன்று. பர்மாவில் அந்நாட்டுக் குடியுரிமை பெறாமல் வாழ்ந்த இந்தியர்கள் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அந்நியர் பதிவுச் சான்றிதழ் அது. அதில் ஒட்டியிருக்கும் படத்திலுள்ள இளம்பெண் என் அப்பாவைப் பெற்ற அப்பத்தா. 1938இல் பர்மாவின் பெகு நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். பர்மிய மொழியில் கணக்குப் போட்டவர். இருபத்தேழு வயதுவரை தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டிராதவர். பிறந்த மண்ணில் அவருக்கு இருந்த அடையாளம் அந்தத் தாள்தான். சென்னைக்கு வந்த பிறகு, தெருவில் எல்லாரும் அவரைப் பர்மாக்காரம்மா என்று கூப்பிட்டார்கள்.

பெரம்பூருக்கு அருகே ஒரு வாடகைக் கட்டடத்தின் தரைத்தளத்தில், இருபத்தாறு பேர் உட்காரக்கூடிய இந்தக் கடையை நான் 2015இல் தொடங்கினேன். அதற்கு முன் எங்கள் குடும்பத்துக்குக் கடை என்று ஒன்று கிடையாது, தள்ளுவண்டிதான் இருந்தது. முன்னோர்கள் வாழ்ந்த பர்மாவின் சாப்பாட்டைப் பரிமாறும் ஒரு குடும்ப உணவகம் என்பதே என் எண்ணம். சொல்லும்போது எளிதாக இருந்த இந்த எண்ணம், அடுப்பு பற்றவைத்த முதல் வாரத்திலேயே சிக்கலாகிவிட்டது. எந்த முன்னோர், எந்தச் சாப்பாடு என்ற கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அந்த விடையைத் தேடிய கதையைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

பர்மா என்றவுடன் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள். உங்களுக்குக் காரைக்குடியில் வீடு இருக்கிறதா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஐராவதி வடிநிலத்தின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்த நகரத்தார்களின் வரலாறு பெரியது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாமல், கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்த நெல்லை அறுக்கவும், ஆலையில் குத்தவும், மூட்டையாக்கிக் கப்பலில் ஏற்றவும் போனவர்களின் வரலாறு வேறு. என் கொள்ளுத்தாத்தா அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். ராமநாதபுரம் பக்கத்து வறண்ட கிராமம் ஒன்றிலிருந்து, கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, 1920களில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937இல்தான் அது தனியாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே தாம் வெளிநாடு போகிறோம் என்ற எண்ணமே அவருக்கு இருந்திருக்காது. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயில் நகரின் நடுவே இருந்தது; இன்றும் இருக்கிறது. தெருவில் தமிழும் தெலுங்கும் வங்காளமும் கேட்கும் ஊரில், அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கியவருக்குச் சோறு தமிழ்ச் சோறாகவே இருந்ததாம். காலையில் பழையது, இரவில் சோறும் கருவாட்டுக் குழம்பும்.

பர்மியச் சமையல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதற்கடுத்த தலைமுறையில்தான். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. அதற்குப் பிந்தைய மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே தாயகம் நோக்கிப் புறப்பட்டார்கள். வழியில் பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் மாண்டவர்கள் ஏராளம். கொள்ளுத்தாத்தாவின் தம்பி, புரோம் வழியாக அரக்கான் மலைகளைக் கடந்து சென்ற கூட்டத்தோடு போனார். அவர் ஊர் வந்து சேரவில்லை. கொள்ளுத்தாத்தா மட்டும், கைக்குழந்தையும் நான்கு வயதுப் பெண்ணுமாக மலையேற முடியாதென்று பெகுவுக்கு அருகிலிருந்த கிராமத்திலேயே ஒளிந்திருந்தார். ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து வைத்திருந்த அந்த மூன்றாண்டுகளில் அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் விடியற்காலையில் மொய்ங்கா என்னும் மீன் சாற்று நூடுல்ஸைச் சமைத்துத் தலையில் சுமந்து விற்பவர். நான்கு வயதுப் பெண்ணான என் அப்பத்தா, வாழைத்தண்டை நறுக்கி விரலில் நாரைச் சுற்றி எடுப்பதை அவரிடந்தான் கற்றுக்கொண்டார். வாழைத்தண்டு நமக்குத் தெரியாத பொருளா என்று நீங்கள் கேட்கலாம். நமக்குத் தெரியும், ஆனால் மீன் குழம்பில் போடத் தெரியாது.

1948 ஜனவரியில் பர்மா விடுதலை பெற்றது; 1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் ரங்கூனின் கடைகள் தேசியமயமாக்கப்பட்டன. அதே ஆண்டு மே 17ஆம் தேதி ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டன. என் தாத்தா அப்போது ரங்கூனில் ஒரு சிறிய மளிகைக் கடையில் பங்குதாரர். முதலில் கடை போயிற்று, இரண்டு மாதத்தில் சேமிப்பும் போயிற்று. அந்த ஆண்டுகளில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 3 லட்சம் பேர். எங்கள் குடும்பம் 1965இல் கப்பலேறியது. நகைகளைக் கொண்டுபோக அனுமதியில்லாததால் அப்பத்தாவின் தோடு கழற்றப்பட்டது. சமையல் பாத்திரங்களை யாரும் தடுக்கவில்லை. அதனால் எங்களிடம் இன்றும் இருக்கும் ஒரே பர்மாச் சொத்து, அடி கனத்த ஓர் ஈயம் பூசிய செம்புச் சட்டிதான். அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கும்படி வடிவமைப்பாளர் ஒருவர் யோசனை சொன்னார். அதில் இன்றும் பூண்டு பொரிக்கிறோம் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

வடசென்னையில் ஒரு முகாம், பிறகு வியாசர்பாடியில் ஒரு குடிசை. என் அப்பாவுக்கு அப்போது நான்கு வயது. முகாமிலிருந்த சிலர் இந்த ஊரில் பிழைக்க முடியாதென்று, வந்த வழியே திரும்பிப் போக முயன்றார்கள். கப்பலுக்கு வழியில்லாததால் ரயிலேறி, மணிப்பூர் வழியாக எல்லைவரை போய், பர்மாவுக்குள் நுழைய முடியாமல் அங்கேயே மோரே என்னும் ஊரில் தங்கிவிட்டார்கள். தாத்தாவின் பக்கத்துக் குடிசைக்காரரும் அப்படிப் போனவர். தாத்தாவையும் கூப்பிட்டாராம். அப்பத்தாதான், இன்னொரு முறை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட என்னால் முடியாது என்று மறுத்தார். 2018இல் நான் மோரேவுக்குப் போயிருந்தபோது, கிழக்குக் கோடியிலுள்ள அந்த எல்லையூரில் அங்காள பரமேஸ்வரி கோயிலையும் தமிழ்ச் சங்கத்தையும் பார்த்தேன். காலையில் இட்லி சாப்பிட்ட கடையில், அதே மேசையில் எதிரே இருந்தவர் ஊறவைத்த தேயிலையையும் பொரித்த பருப்பையும் கலந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லைக்கு அப்பால் தமு நகரம் நடந்துபோகும் தூரம். எங்கள் கடைக்கு மீன்சாறும் ஊறிய தேயிலையும் கொஞ்ச காலம் அங்கிருந்துதான் வந்தன. பெகுவரை ஒருமுறை போய்விட வேண்டுமென்று திட்டமிட்டிருந்தேன். 2020இல் கொரோனாவால் எல்லை மூடியது, 2021 பிப்ரவரி 1ஆம் தேதி அங்கே மீண்டும் ராணுவ ஆட்சி வந்தது. நான் பர்மா உணவகம் நடத்துகிறேன், ஆனால் பர்மாவைப் பார்த்ததில்லை. இதை வாடிக்கையாளர்களிடம் மறைப்பதில்லை.

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி, 1969இல் பர்மா பஜார் உருவானது. அதே ஆண்டில்தான் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்கென்று ரெப்கோ வங்கியும் தொடங்கப்பட்டது. பஜாரில் கடை எடுக்கத் தாத்தாவிடம் பணமில்லை. கடைக்காரர்களுக்குப் பசிக்குமல்லவா, அதுவே முதலீடு என்று நினைத்து, 1970 வாக்கில் செகண்ட் லைன் பீச் சாலையில் ஒரு தள்ளுவண்டியை நிறுத்தினார். முதல் நாளில் அதில் இருந்தது அத்தோ என்னும் பிசைந்த நூடுல்ஸ், முட்டை மசாலா, ஒரு குண்டான் சூப்பு. மாலை ஐந்து மணிக்கு மேல் தாத்தா பிசைவார், அப்பத்தா கணக்கு வைப்பார். எத்தனை தட்டு என்பதைத் தித், நித், தோன் என்று பர்மிய மொழியில் எண்ணிச் சொல்வாராம். வாடிக்கையாளருக்குப் புரியாமல் பேச வேண்டியதை எல்லாம் அந்த மொழியில் பேசிக்கொள்வது பர்மா பஜார் முழுவதும் இருந்த வழக்கம். பொருளுக்கு இறுதி விலை என்ன என்பதையும், இந்த ஆள் கடன் சொல்லிவிட்டுத் தராதவர் என்பதையும் அப்படித்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம்.

அத்தோ என்னும் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பர்மிய மொழியில் அத்தொக் என்றால் கலந்து பிசைந்தது என்று பொருள். அது ஓர் உணவின் பெயர் அன்று; ஒரு முறையின் பெயர். தேயிலையைப் பிசைந்தாலும், இஞ்சியைப் பிசைந்தாலும், தக்காளியைப் பிசைந்தாலும் அங்கே அது தொக்தான். நூடுல்ஸைப் பிசைந்தால் கவ்சுவே தொக். சென்னை நடைபாதைக்கு வந்தபோது கவ்சுவே உதிர்ந்துவிட்டது, பிசைந்தது என்ற சொல் மட்டும் உணவின் பெயராக நின்றுவிட்டது. பேஜோவும் அப்படித்தான்: பே என்றால் பருப்பு, ஜோ என்றால் பொரித்தது. இங்கே அது அத்தோவின்மேல் நொறுக்கிப் போடும் மொறுமொறுப்பான தட்டையாகிவிட்டது. முட்டை மசாலாவோ, எனக்குத் தெரிந்தவரை, சென்னைக்கே உரியது. வேகவைத்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயத்தையும் பூண்டையும் திணித்து, புளிக்கரைசலும் மிளகாய்த்தூளும் பூண்டெண்ணெயும் விட்டு ஒரே வாயில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்களே, அதைப் பர்மாவில் சாப்பிட்டதாக அப்பத்தா ஒருநாளும் சொன்னதில்லை.

அத்தோ நல்லதாக அமைவது பொருள்களைவிடக் கையைப் பொறுத்தது. முட்டைக்கோஸை முடிபோல மெல்லியதாக அரிந்திருக்க வேண்டும். வெங்காயத்தின் காரம் போகாதிருக்க அப்போதைக்கப்போது அரிய வேண்டும். புளியைக் கெட்டியாகக் கரைத்தால் நூடுல்ஸ் பிசுபிசுக்கும், தண்ணீராக விட்டால் தட்டின் அடியில் தங்கும். பூண்டெண்ணெயில் பூண்டு பொன்னிறம் தாண்டி ஒரு நொடி அதிகம் நின்றாலும் எண்ணெய் முழுவதும் கசந்துவிடும். அதனால் நிறம் மாறத் தொடங்கும்போதே சட்டியை இறக்கிவிட வேண்டும், மிச்சச் சூட்டில் அது தானே பழுக்கும். உப்பு, மிளகாய்த்தூள், வறுத்த கடலை மாவு, எலுமிச்சை, கொத்தமல்லி எல்லாம் விழுந்தபின் பிசைவது பத்து நொடி வேலைதான். அந்தப் பத்து நொடியில் நூடுல்ஸ் உடையக்கூடாது, மாவு திரளக்கூடாது. என் தாத்தா பிசைவதைப் பார்ப்பதற்கென்றே வந்து நிற்பவர்கள் உண்டென்று அப்பா சொல்வார். நான் கையுறை போட்டுக்கொண்டு பிசைகிறேன். சுத்தத்துக்கு அது நல்லதென்று தெரிந்தாலும், புளியின் பதம் விரலுக்குத் தெரியாமல் போவது எனக்கு இன்றும் குறைதான்.

இனி சூப்பு. வண்டியில் அத்தோவோடு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கும் வாழைத்தண்டுச் சூப்பைச் சாப்பிட்டவர்கள், அது என்னவோ தனியொரு பானம் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அது மீனை இழந்த மொய்ங்கா. பர்மாவின் காலை உணவான மொய்ங்காவில் கெளுத்தி, விரால் போன்ற ஆற்று மீனை எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, முள்ளை நீக்கி, சதையை உதிர்த்து, வெங்காயம் பூண்டு இஞ்சியோடு வதக்கிச் சாற்றில் சேர்ப்பார்கள். வறுத்தரைத்த அரிசியோ கடலை மாவோ போட்டுக் கெட்டியாக்கி, வாழைத்தண்டை அதிலேயே வேகவிட்டு, அரிசி நூடுல்ஸின்மேல் ஊற்றுவார்கள். பாரிமுனையில் மாலையில் சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் சைவர்கள். செளகார்பேட்டை வியாபாரிகளும் அலுவலகக் குமாஸ்தாக்களும் மீன் வாசனை வரும் வண்டியருகே நிற்கமாட்டார்கள். ஆற்று மீன் வாங்கக் காசும் இல்லை. எனவே தாத்தா மீனை விட்டார், மீன்சாறை விட்டார், எலுமிச்சைப்புல்லையும் விட்டார். வாழைத்தண்டு மட்டும் மிஞ்சியது. அதை மஞ்சள், பூண்டு, மிளகு, கடலை மாவோடு கொதிக்கவிட்டதுதான் இன்று சென்னைக்காரர்கள் பர்மாச் சூப்பு என்று குடிப்பது. கட்டணம் இல்லாமல் கேட்கக்கேட்க ஊற்றிக் கொடுப்பது தாத்தாவின் வழக்கம். வெறும் சூப்பைக் குடித்தே பசியாறிய சுமைதூக்குபவர்கள் இருந்தார்கள்.

இந்தக் கதை எதுவும் தெரியாமல்தான் நான் 2015இல் கடை திறந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? வண்டிச் சாப்பாட்டைத் தின்று வளர்ந்தவள் நான். அதுதான் பர்மா என்று நினைத்திருந்தேன். பெயர்ப்பலகையில் 'அசல் பர்மியச் சுவை' என்று பெரிதாக எழுதினேன். சுவரில் ஷ்வேடகோன் பகோடாவின் பொன்னிறப் படத்தை ஒட்டினேன், கூரையில் காகிதக் குடைகளைத் தொங்கவிட்டேன். இன்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அத்தோ நூடுல்ஸில் கலக்கும் ஆரஞ்சு நிறம் உடம்புக்கு ஆகாதென்று நிறமில்லாத நூடுல்ஸைப் போட்டேன். வெள்ளையாக இருப்பது அத்தோவே இல்லை என்று வாடிக்கையாளர்கள் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் மாவு பிசையும்போதே மஞ்சள்தூள் சேர்ப்பதென்ற சமரசத்துக்கு வந்தேன். இன்றும் செகண்ட் லைன் பீச்சுக்குப் பழகியவர்கள், நிறம் கொஞ்சம் குறைகிறது அக்கா என்று சொல்லாமல் எழுவதில்லை.

அசல் என்ற சொல்லின் வினை அடுத்த ஆண்டு வந்தது. சென்னைக்கு மருத்துவச் சிகிச்சைக்காக, ரங்கூன் என்று நாங்கள் சொல்லும் யாங்கூனிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், எங்கள் பலகையிலிருந்த பகோடாவைப் பார்த்துவிட்டு ஆவலோடு உள்ளே வந்தது. அத்தோவை வைத்தேன். தாயும் மகளும் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நான் பெயரைச் சொன்னதும் மகள் சிரித்துவிட்டாள். எதன் அத்தொக் என்று கேட்டாள். முட்டை மசாலாவை இந்திய உணவு என்று எண்ணி மிகவும் ரசித்தார்கள். பிறகு அந்த அம்மாள், இங்கே மொய்ங்கா கிடைக்குமா, நான்கு வாரமாக நாக்கு செத்துக்கிடக்கிறது என்றார். நான் சூப்பைக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல், கிண்ணத்திலிருந்த வாழைத்தண்டுத் துண்டைக் கரண்டியில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை. இருந்தாலும் அன்றிரவே பலகையிலிருந்து அசல் என்ற சொல்லை அழித்துவிட்டேன்.

அதன்பிறகு ஒரு பிடிவாதம் பிடித்தது. உண்மையான மொய்ங்காவைச் சமைத்தே தீர்வதென்று அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஐம்பது ஆண்டுகளாகச் சமைக்காத ஒன்றின் செய்முறையை அவர் அளவாகச் சொல்லவில்லை. வாசனையாகத்தான் சொன்னார். எலுமிச்சைப்புல் கொதிக்கும்போது வரும் வாசனை, மீன் வாசனையை அமுக்கியும் அமுக்காமலும் இருக்க வேண்டும் என்றார். நூடுல்ஸுக்கு அவர்கள் அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அரைத்து, கொதிக்கும் நீருக்குள் பிழிந்தெடுத்தார்களாம். முகாமில் இருந்தபோது ஒரே ஒருமுறை, கிடைத்த மீனை வைத்து மொய்ங்கா சமைத்து, இடியாப்பத்தின்மேல் ஊற்றியதாக நினைவுகூர்ந்தார். இடியாப்பம் ஆவியில் வேகுவதால் சாற்றை உறிஞ்சிக் குழைந்துவிடுகிறது. புளித்த மாவை நீரில் வேகவைத்தால் இழை வழுக்கிக்கொண்டு நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு முறை அரிசி வீணாயிற்று. சென்னை வெயிலில் மாவு இரண்டாம் நாளே அளவுக்கு மீறிப் புளித்துவிடும். கடைசியில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மெதுவாகப் புளிக்கவிடப் பழகினேன். ஙப்பி என்னும் மீன் விழுதைச் சமைத்த நாளில் மாடிவீட்டுக்காரர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அதைக் கைவிட்டு மீன்சாறோடு நிறுத்திக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்புச் சட்டியில் தாளித்த மொய்ங்காவை அப்பத்தாவின் முன் வைத்தேன். மேலே வேகவைத்த முட்டை, பேஜோ, கொத்தமல்லி, வறுத்த மிளகாய், எலுமிச்சை. அப்பா கைப்பேசியில் படம் பிடிக்கத் தயாராக நின்றார். அப்பத்தா மூன்று கரண்டி சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பெகு என்று ஏதோ சொல்லப்போகிறார் என நாங்கள் காத்திருந்தோம். இதேதான், மீன் நன்றாக வெந்திருக்கிறது என்றார். பிறகு கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வண்டிச் சூப்பு இருக்கிறதா, இதைச் சாப்பிட்டால் எங்கம்மா நினைப்பு வந்து தொண்டையில் நிற்கிறது, அதைக் குடித்தால் உங்க தாத்தா நினைப்பு வந்து இறங்கிவிடும் என்றார். சமையலறைக்குப் போய்ச் சூப்பை எடுத்து வந்தேன். இரண்டு கிண்ணம் குடித்தார்.

அதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. மீன் போட்டது மூலம், மீன் போடாதது நகல் என்று நான் மனத்தில் வகுத்து வைத்திருந்தேன். அவருக்கோ ஒன்று இருபத்தேழு ஆண்டு, மற்றது ஐம்பது ஆண்டு. பர்மியப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கற்றதை அவர் எவ்வளவு நேசித்தாரோ அவ்வளவு, அதிலிருந்து மீனைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாரிமுனையில் தம் பிள்ளைகளைப் படிக்கவைத்த குண்டானையும் நேசித்தார். புலம்பெயர்ந்த முன்னோர் என்று நான் சொல்லும்போதெல்லாம் ராமநாதபுரத்திலிருந்து ரங்கூனுக்குப் போன கொள்ளுத்தாத்தாவை மட்டுமே நினைத்திருந்தேன். ரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்ததும் ஒரு புலம்பெயர்வுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அதைத் தாயகம் திரும்புதல் என்று அரசு ஆவணங்கள் எழுதின, நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். பிறந்ததே பெகுவில் என்றால் எங்கே திரும்புவது?

அப்பாவுக்கு என் குழப்பங்களில் ஆர்வமில்லை. வண்டியை நாற்பதாண்டு தள்ளியவர் அவர்; மொய்ங்காவுக்கு ஆகும் மீன் செலவையும் எரிவாயுவையும் கூட்டிப் பார்த்து, இதில் ஒரு கிண்ணத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று மட்டுமே கேட்பார். கேள்வி நியாயமானது. ஆற்று மீன் விலையேறும் மாதங்களில் மொய்ங்காவில் எனக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அத்தோவும் முட்டை மசாலாவும்தான் வாடகையைக் கட்டுகின்றன. காகிதக் குடைகளை எடுத்துவிட்டேன். பகோடா படம் இருந்த இடத்தில் செகண்ட் லைன் பீச் வண்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. தாத்தா பனியனோடு நிற்கிறார், அப்பத்தாவின் முகம் குண்டானின் ஆவியில் மறைந்திருக்கிறது. அப்பத்தா 2019இல் காலமானார். சுவரிலிருக்கும் பதிவுச் சான்றிதழ், அவருடைய டிரங்குப் பெட்டியில் ரேஷன் அட்டைக்குள் மடித்து வைத்திருந்தது. அதை எதற்கு ஐம்பது ஆண்டு பத்திரப்படுத்தினார் என்று கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் பலகையில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்றின் தலைப்பு வண்டி, மற்றதன் தலைப்பு வீடு. வண்டி வரிசையில் அத்தோ, பேஜோ, முட்டை மசாலா, வாழைத்தண்டுச் சூப்பு. சூப்புக்கு விலை போடவில்லை. வீடு வரிசையில் ஊறிய தேயிலைத் தொக், தேங்காய்ப்பால் கவ்சுவே, கொள்ளுத்தாத்தாவுக்காகக் கருவாட்டுக் குழம்போடு பழையது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மொய்ங்கா. நாற்பது கிண்ணத்துக்கு மேல் சமைப்பதில்லை. யாங்கூனிலிருந்து மருத்துவமனைக்கு வருபவர்கள் எப்படியோ கேள்விப்பட்டு ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். ஒன்பதரைக்குள் சட்டி காலியாகிவிடும். அதன்பின் வருபவர்களுக்குச் சூப்பு இருக்கிறது.